கிராணியின் கணக்கும் பெற்றோரின் கணக்கும்

இடைநிலைப்பள்ளியில் நம் மாணவர் கணிதத்தில் பின்தங்கினால், பெற்றோருக்கு அக்கறையில்லை என்னும் குற்றச்சாட்டே முதலில் எழுகின்றது. வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும் நமக்கு இது எளிதில் ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் உள்ள தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி அமைக்க 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிசெய்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. ஆயினும் அப்பள்ளிகள் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. எழுத்தும் கூட்டல் கழித்தலும் அறிந்தால் தோட்டத்திற்குப் போதும் என்பதே நிர்வாகங்களின் எண்ணமாக இருந்தது.

விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தாயும் தந்தையும் நிரைக்குச் செல்வர். நண்பகலில் பாலை நிறுக்குமிடத்திற்குச் சுமந்து வருவர். எடையைப் பார்ப்பதும், பாலில் எத்தனை விழுக்காடு உலர் ரப்பர் என்று கணிப்பதும், செக்ரோலில் பதிவதும் கிராணியின் வேலை. தம் கூலியை நிர்ணயித்த விழுக்காட்டுக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கும் வாய்ப்புத் தொழிலாளர்க்கு அரிதாகவே கிட்டியது. கணக்கு என்பது அலுவலகத்திற்குரியது என்னும் எண்ணம் லயன் வீடுகளில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகின்றோம். கிராணியின் பிள்ளைக்கு அதே விழுக்காடு வீட்டுப் பேச்சாயிற்று.

தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை ஓராண்டுப் புகுமுக வகுப்பைக் கடந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றது. 1976 முதல் ஆங்கில இடைநிலைப்பள்ளிகளும் படிவம் ஒன்றிலிருந்து படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. இங்கே மொழியின் நுட்பம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தமிழில் ‘நான்கில் மூன்று’ என்கின்றோம். பகுதி முன்னே வரும், தொகுதி பின்னே வரும். மலாயிலோ ‘தீகா பெர் அம்பாட்’, அதாவது மூன்று முன், நான்கு பின். எழுதும் பின்னம் ஒன்றே. காதில் விழும் வரிசை வேறு. கால், அரை, முக்கால் என்று நாள்தோறும் அளந்து பழகிய தாய்க்குப் பின்னம் தெரியாமலில்லை. பிள்ளையின் பாடநூல் மொழியில் அதைச் சொல்லத்தான் அவளுக்கு வழியில்லை. அந்த அறிவு அடுப்படியைத் தாண்டிப் பள்ளிக்குள் செல்லவில்லை. (இதனைப் பெற்றோரின் அறியாமை என்று அறிக்கைகளில் எழுதுவது எவ்வளவு எளிது!)

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அவ்வாண்டு முதலாம் படிவத்தில் சேர்ந்த தமிழ்ப்பள்ளி மாணவர், தொடக்கப்பள்ளியில் தமிழில் கணக்குக் கற்றவர். பிற பாடங்களை மலாயிலும் கணிதத்தை ஆங்கிலத்திலும் படிக்க வேண்டியவரானார். ஆங்கிலமறிந்த பெற்றோர் மாலையில் அருகமர்ந்து உதவினர். வசதியுள்ளோர் டியூசனுக்கு அனுப்பினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர்ப்புறத்திற்கு வந்து, ஆலைகளில் இரவுநேர வேலை பார்த்தவர்களுக்கு இவ்விரண்டும் எட்டவில்லை. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டபோது, அந்த முதலாம் படிவ மாணவர் எஸ்.பி.எம். தேர்வெழுதி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.