லித்தியம் (மருந்து)

லித்தியம், இருமுனையப் பிறழ்வு என்னும் மனநோய்க்குத் தரப்படும் மனநிலைச் சீராக்கி மருந்து. பெரும்பாலும் லித்தியம் கார்பனேட் மாத்திரையாகக் கிடைக்கிறது. குணப்படுத்தும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆகவே ரத்தப் பரிசோதனையும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே.

வரலாறு

ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மெல்போர்னின் பண்டூரா பகுதி மருத்துவமனையில் மேனியா எனப்படும் மிகையெழுச்சியில் இருந்த 10 பேருக்கு லித்தியம் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில், சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைச் சேர்த்துக்கொண்ட நோயாளிகள் சிலர் நஞ்சேறி இறந்தனர். அதனால் எழுந்த அச்சம் இம்மருந்தின் பரவலைத் தாமதப்படுத்தியது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கையை மீட்டது. அமெரிக்கா 1970இல் அனுமதி வழங்கியது.

பயன்கள்

மிகையெழுச்சியைத் தணிக்க இம்மருந்துக்கு 1 முதல் 3 வாரங்கள் ஆகலாம். அதுவரை வேறு மருந்தும் சேர்த்துத் தரப்படுவதுண்டு. நோய் திரும்ப வராமல் காப்பதே இதன் தலையாய பயன். தற்கொலை அபாயம் குறைவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

அளவும் கண்காணிப்பும்

கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கப்படும். இரவில் மாத்திரை போடுபவர் மறுநாள் காலையில் ரத்தம் கொடுப்பார். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பது பொதுவான இலக்கு, 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தோன்றலாம். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் அவ்வப்போது தேவை.

அபாயங்கள்

தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், லேசான கைநடுக்கம், எடை கூடுதல் ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். நெடுநாள் எடுப்பவர்களில் சிலருக்குத் தைராய்டு சுரப்பு குறையலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். கருவுற்ற முதல் மாதங்களில் எடுத்தால் குழந்தைக்கு இதயக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது.

லித்தியம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. உடலில் நீரோ உப்போ குறைந்தால் அது வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிக வியர்வை, உணவில் திடீரென உப்பைக் குறைத்தல் எல்லாமே ஆபத்தானவை. மருந்துக்கடையில் தானாக வாங்கும் ஐப்யூப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை உதறுதல், நடை தள்ளாடுதல், பேச்சு குழறுதல், மயக்கம் ஆகியவை நஞ்சேறியதன் அடையாளங்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நிறுத்துதல்

நலமாகிவிட்டது என்று மாத்திரையைத் திடீரென விட்டுவிட்டால் நோய் விரைவில் திரும்பக்கூடும். நிறுத்த வேண்டியிருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பானது.