செம்மண் பாதையும் லேண்ட் ரோவரும்

ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், ரயில் பாதையை ஒட்டியுள்ள பாலோவைச் சுற்றி ரப்பரும் செம்பனையும்தான். இத்தகைய தோட்டப் பாதைகள் மழையில் சேறாகிவிடும். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது லேண்ட் ரோவர். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. ராணுவமும் தோட்ட நிர்வாகமும் அவ்வண்டியை நம்பின. அது நீடித்ததற்கு உறுதியைவிட, எளிதில் பழுதுபார்க்க முடிந்ததே காரணம் என்பேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பற்றாக்குறை; அதனால் வண்டியின் உடல் அலுமினியக் கலவையானது, அடிச்சட்டமோ எஃகு. நம் ஈரக் காற்றில் உடல் பளபளக்கும், சட்டம் உள்ளிருந்து அரிக்கும். பழைய வண்டி வாங்குபவர் பெயின்டைப் பார்த்து ஏமாறாமல், கீழே படுத்துச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல இரும்பு கணீரென்னும். அரித்தது மந்தமாக ஒலிக்கும். பின்புறக் குறுக்குச்சட்டமும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களும்தான் முதலில் போகும்.

புதிய ஜப்பானிய பிக்கப் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அந்தக் கேள்வி நியாயமே: சொகுசு, குளிர்சாதனம், எரிபொருள் சிக்கனம் எல்லாம் அதில்தான். ஆனால் காட்டு நடுவில் நின்றுபோன பழைய வண்டியைச் சாதாரண ஸ்பேனரால் பிரிக்கலாம், கணினி வேண்டாம். கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் நெடுங்காலம் உழைத்ததே சான்று. பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் மட்டும் இவ்வண்டி மன்னிக்காது: ஆற்றைக் கடந்த பிறகு ஆக்சில் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.