ஆலயம் நின்றபோதே பிறந்த பொருள்

லேவியராகமம் வகுத்த ஐந்து பலிகளைச் சென்ற வாரம் பார்த்தோம்: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி. பலிமுறைக்குக் கிறிஸ்தவர்கள் தந்த பொருள் எப்போது பிறந்தது என்பது இந்த வாரக் கேள்வி. கி.பி. 70இல் டைட்டஸின் ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. பலி செலுத்த இடமில்லாமல் போனது. அந்த வெற்றிடத்தை நிரப்பவே இயேசுவின் மரணத்தைப் பலியாக விளக்கினார்கள் என்று கருதுவோர் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கருத்துக்குக் காலவரிசை இடம் தரவில்லை.

பவுல் கொரிந்து சபைக்கு முதலாம் நிருபத்தை எழுதியது ஏறத்தாழ கி.பி. 55இல். அப்போது எருசலேமில் தினமும் காலையும் மாலையும் ஆட்டுக்குட்டி பலியிடப்பட்டுவந்தது. அந்த நிருபத்திலேயே அவர் கிறிஸ்துவைப் பலியிடப்பட்ட பஸ்கா என்கிறார். அதை விளக்க அவர் ஒரு வரிகூடச் செலவிடவில்லை என்றால், சபையார் அதை முன்பே அறிந்திருந்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். இராப்போஜனக் கிண்ணத்தை இயேசுவின் இரத்தத்தாலாகிய புதிய உடன்படிக்கை என்னும் மரபையும், தாம் பெற்று ஒப்புவித்ததாகவே எழுதுகிறார். சீனாய் மலையடியில் தகனபலியும் சமாதானபலியும் செலுத்தி, அந்த இரத்தத்தை மோசே மக்கள்மேல் தெளித்த யாத்திராகம நிகழ்வே இதன் வேர். ஆக, ஆலயம் வீழ்வதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பொருள் வேரூன்றிவிட்டது.

ஆலயம் நிற்கும்போதே பலிக்கு வேறு பொருள் கண்டவர்கள் ஆலயத்தை வெறுத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். பொருத்தனை செய்த நால்வரின் செலவை ஏற்றுப் பவுல் ஆலயத்துக்குப் போனதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்நூல் பின்னாளில் எழுதப்பட்டது என்று இதைத் தள்ளினாலும், பலிபீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் இயேசுவின் போதனை மத்தேயுவில் இருக்கிறது. ஆலயம் இடிந்தபின் அப்படியொரு கட்டளையைப் புதிதாகப் புனைய எவருக்கும் தேவையில்லை. மேலும், 1947 முதல் சாக்கடல் அருகே கிடைத்த சுருள்களில் உள்ள கும்ரான் சமூகத்தின் ஒழுங்குநூல், ஜெபத்தையும் நேர்மையான நடையையும் காணிக்கையாக மதிக்கிறது. அதுவும் ஆலயம் நின்ற காலத்து யூத நூல்தான். பலியை ஆழ்ந்து யோசிப்பது அன்றைய யூத மரபுக்கு அந்நியமானதல்ல.

பஸ்கா ஆடு பாவநிவாரண பலியே அல்லவே, இரண்டையும் குழப்பிவிட்டார்களா என்பது கனமான ஆட்சேபம். பஸ்கா எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையின் நினைவு என்பது உண்மை. ஆனால் ஒரே மரணத்தின் பல பயன்களைச் சொல்ல அவர்களுக்கு ஒரு பலி போதவில்லை. விடுதலைக்குப் பஸ்காவையும், உறவுக்கு உடன்படிக்கை இரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். பிரதான ஆசாரியர் ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்த பாவநிவாரண நாளை, எபிரெயர் நிருபம் பாவ மன்னிப்புக்குச் சான்றாக்கியது. இரத்தத்தில் உயிர் இருப்பதாலேயே அது பாவநிவிர்த்தி செய்கிறது என்பது லேவியராகமத்தின் விளக்கம். எனவே சிலுவையை வெறும் தண்டனையாக மட்டும் வாசிப்பது அந்தப் பலிமொழியைக் குறுக்குவதாகும். மனமுவந்து கொடுக்கப்பட்ட உயிர் என்பதே அதன் மையம். பலிபீடத்தைப் பழைய காலத்துக் கொடூரம் என்று ஒதுக்கும் கிறிஸ்தவர், தம் விசுவாசம் பேசக் கற்ற மொழியையே ஒதுக்குகிறார்.

(தொடரும்)