மூட்டுத் தேய்மான வலியும் நிவாரணச் சான்றுகளும்

மூட்டுத் தேய்மானம் என்பது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்து வலியும் இறுக்கமும் உண்டாகும் நோய். மருத்துவர்கள் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ் என்பார்கள். முழங்காலில்தான் இது அதிகம். நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே தாக்குவதால் வரும் முடக்குவாதமும், யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட்டும் வேறு நோய்கள். அவற்றின் மூலத்தை அடக்க மருந்து உண்டு. தேய்மானத்தை நிறுத்தும் மருந்து இதுவரை வரவில்லை. ஆகவே இங்கே பேச்செல்லாம் வலியைப் பற்றியதே.

இந்த வலி சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருந்து தேடிப் போகிறார். சும்மா இருந்தாலும் அது பிறகு சற்றுத் தணிந்திருக்கும். நல்ல பெயர் அப்போது தடவிய தைலத்துக்குப் போய்விடுகிறது. நம்பிக்கை தரும் ஆறுதலும் இதோடு சேரும். எனவே ‘எனக்குக் கேட்டது’ என்ற சாட்சியத்தை மட்டும் வைத்து இந்த நோயில் எதையும் தீர்மானிக்க முடியாது.

2006இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்று இதற்கு நல்ல பாடம். முழங்கால் வலியுள்ள 1,583 பேருக்கு 24 வாரம், மூட்டு வலிக்கென விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், இரண்டும் சேர்ந்தது, வலி மருந்தான செலிகாக்சிப், வெற்று மாத்திரை என ஐந்தில் ஒன்று தரப்பட்டது. வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தால் பலன் என்று கணக்கு. வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலேயே 60.1 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது! குளுக்கோசமைனுக்கு 64, காண்ட்ராய்டினுக்கு 65.4, கூட்டு மாத்திரைக்கு 66.6, இவை தற்செயலைத் தாண்டிய வித்தியாசம் அல்ல. செலிகாக்சிப் மட்டும் 70.1 தொட்டுத் தேறியது. கடும் வலிக்காரர்களின் சிறு பிரிவில் கூட்டு மாத்திரை நன்றாகத் தெரிந்தது உண்மை. விற்பவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 2010இல் பத்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு, நோயாளி உணரத்தக்க பலன் இல்லை என்றது.

கத்திக்கும் இதே கதிதான். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்து 2002இல் வெளியான சோதனையில், சிலருக்கு மூட்டுக்குள் குழாய்விட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள். சிலருக்குத் தோலைக் கீறித் தைத்ததோடு சரி. இரண்டு ஆண்டு கழித்தும் மூன்று அணிக்கும் வலியில் வேறுபாடு இல்லை.

பலரும் முதலில் எடுக்கும் பாராசிட்டமால், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, நூறு புள்ளி அளவுகோலில் வெற்று மாத்திரையைவிட மூன்று புள்ளி அளவே கூடுதலாக வலி குறைக்கிறது. சுமார் பத்துப் புள்ளி குறைந்தால்தான் ஆளுக்குத் தெரியும். இபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உண்மையிலேயே கேட்கும். விலையை வயிறும் சிறுநீரகமும் இதயமும் கொடுக்கின்றன. மாரடைப்பைக் கூட்டியதால் இவ்வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. டைக்ளோஃபெனாக்கைக் களிம்பாக முழங்காலில் தடவினால் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. பத்தில் ஆறு பேருக்கு நல்ல பலன். வெறும் களிம்பில் ஐந்து பேருக்கு. சின்ன வித்தியாசந்தான், ஆனால் மலிவானது. சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் முழங்காலுக்குக் களிம்பை முன்னுக்கு வைத்து, பாராசிட்டமாலை வழக்கமாகத் தர வேண்டாம் என்றது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்த 2017ஆம் ஆண்டுச் சோதனையில், உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை. குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்தது. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் சூரணம் ஒரே நாளில் வலியைப் பறக்கவிட்டால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகிப்பது நல்லது.

உடற்பயிற்சிக்குத்தான் சான்று வலுவானது. தொடைத் தசையைப் பலப்படுத்துவது முதலிய பயிற்சி, 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பில் 12 புள்ளி அளவு வலியைக் குறைத்தது. விட்டுவிட்டால் பலனும் கரையும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது.

செயற்கை மூட்டுப் பொருத்துவது பெரும்பாலோருக்கு நிம்மதி தரும்; ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலி தொடரும். 2015இல் வெளியான டென்மார்க் சோதனையில், மாற்று மூட்டுக்குத் தகுதியான நூறு பேரில் பாதிப்பேருக்கு அறுவையோடு பயிற்சியும், மறுபாதிக்கு அறுவையின்றிப் பயிற்சி, உணவு ஆலோசனை முதலியவையும் கிடைத்தன. அறுவை செய்தவர்களின் முன்னேற்றம் இரு மடங்கு, கடுமையான பின்விளைவுகளும் அவர்களிடமே அதிகம். அறுவையில்லாத ஐம்பது பேரில் அந்த ஓராண்டுக்குள் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் 13 பேர்.