உரிமம் தந்த ஒரு சொல்

எலும்புகளின் பெயர், மருந்தின் அளவு, மூலிகையின் குணம், நோயின் குறி என ஒன்றோடொன்று ஒட்டாத செய்திகளையெல்லாம் மருத்துவ மாணவர் நெஞ்சிலேற்ற வேண்டியுள்ளது. இத்தகைய தேர்வு எதற்கு என இளைஞர் பலர் என்னை வினவியதுண்டு. விடையை இங்கிலாந்தின் வரலாற்றில் காண்போம்.

1815-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக அப்பாத்திகரித் தொழில் தொடங்குவோர் ஐந்தாண்டுப் பயிற்சி பெற்று, இலண்டன் அப்பாத்திகரி சங்கத்தின் தேர்வில் தேற வேண்டுமென விதித்தது. மருத்துவரின் அறிவை அளந்தறியும் ஆற்றல் நோயாளிக்கு ஏது? அவர் சார்பில் அளந்தறிவதே அத்தேர்வின் கடமை.

மருத்துவராக விழைந்த எலிசபெத் காரெட் என்னும் மங்கை, 1860-இல் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் செவிலியாகச் சேர்ந்து, விரிவுரைகளையும் கேட்டு வந்தார். அடுத்த ஆண்டே ஆண் மாணவர் சிலர் எதிர்த்து மனுக் கொடுத்தனர், கதவு அடைபட்டது. பல்கலைக்கழகங்களும் அவரை ஏற்கவில்லை. அவரோ மனந்தளராது, ஆசிரியர் பலரை நாடி உடற்கூற்றையும் பிற பாடங்களையும் தனியே கற்றார்.

சங்கத்தை ஆண்ட விதிகளில் ‘ஆடவர்’ என்ற சொல் இல்லை. ‘நபர்கள்’ என்றே இருந்தது. அதனைப் பற்றிக்கொண்டு அவர் தேர்வு கேட்டார். சங்கம் தயங்கியது; அவருடைய தந்தையார் வழக்குத் தொடுப்பதாக எச்சரித்ததும் இணங்கியது. 1865-இல் காரெட் தேறி உரிமம் பெற்றார். பின்னர்ச் சங்கம், தனிப்பயிற்சி பெற்றவர்க்குத் தேர்வில்லை என விதியை மாற்றிற்று. பெண்களைச் சேர்க்கும் மருத்துவப் பள்ளியோ அன்று அங்கில்லை! பெண்களுக்கு உரிமம் வழங்கத் தேர்வு மன்றங்களுக்கு இசைவளித்த சட்டம் 1876-இல்தான் பிறந்தது.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். அவருள் ஒருவரான மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரை அணுக இயலாது பிரசவத்தில் துன்புற்ற பெண்களின் நிலை கேட்டுக் கற்க வந்தவர். 1878-இல் சென்னையில் உரிமம் பெற்று, இலண்டனில் மேலும் பயின்று பட்டமும் பெற்றார். பின்னர்த் திரும்பி வந்து, கோஷாப் பெண்களுக்கென 1885-இல் மருத்துவமனை நிறுவினார். அதுவே இன்று திருவல்லிக்கேணியில் விளங்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

மாணவ மணிகளே, நூலில் சிதறிக் கிடக்கும் செய்திகள் நோயாளியின் கட்டிலருகே ஒன்று சேர்கின்றன. அங்கே மறந்த ஒன்று ஓர் உயிரின் விலையாகலாம். ஆதலின் தேர்வு கடினமாகவே இருக்கட்டும். ஆனால் அதன் வாயில் தகுதியுடையார் யாவர்க்கும் திறந்திருக்க வேண்டும்.