லட்சியப் பயிற்சி

லட்சியப் பயிற்சி என்பது, குறித்ததொரு சாதனையை முன்வைத்து, அதை எய்துவதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டும், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு உடலைப் பக்குவப்படுத்தும் முறையாகும். தேகசுகத்தை நாடி மாலையில் உலாவுவதும், மனம் போனபடி பந்தாடுவதும் சாதாரணத் தேகாப்பியாசம். அதன் பயன் அன்றன்றே கிடைத்துவிடுகிறது, ஆதலால் அது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. சிந்தும் வியர்வையின் அளவே இவ்விரண்டையும் பிரிக்கிறது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் வேற்றுமை மனோபாவத்தில் இருக்கிறது.

இதற்கு ரோஜர் பானிஸ்டரின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. லண்டனில் வைத்திய மாணவராக இருந்த அவர், 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், இரண்டு ஓட்டங்களுக்கே தம்மைத் தயார் செய்திருந்த நிலையில் மூன்றாவதொன்றும் இடையில் சேர்க்கப்பட்டதால், 1,500 மீட்டர் பந்தயத்தில் நான்காவதாகவே வந்தார். அதன்பின் அவர் மேற்கொண்ட சங்கற்பம், ஒரு மைலை நான்கு நிமிஷத்துக்குள் ஓடிவிடுவது என்பது. சுவீடன் நாட்டுக் குண்டர் ஹாக் 1945-இல் நாட்டிய 4 நிமிஷம் 1.4 விநாடி என்ற உலக சாதனையை அதுகாறும் எவரும் அசைக்கவில்லை.

நான்கு நிமிஷம் என்றால் கால் மைலுக்கு 60 விநாடி. ஆகவே மருத்துவப் படிப்பினிடையே பகலுணவு வேளையில் கிடைத்த சொற்ப அவகாசத்தில், பத்துக் கால் மைல்களை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிஷம் இடைவெளி விட்டு ஓடி, 66 விநாடியாக இருந்ததைப் படிப்படியாக 61-க்குக் கொண்டுவந்தார். அதற்குமேல் குறையவில்லை. உழைப்பை மட்டுமே நம்புகிறவர் இன்னும் கடுமையாக ஓடியிருப்பார். பானிஸ்டரோ நண்பர் கிறிஸ் பிராஷருடன் ஸ்காட்லாந்துக்குச் சென்று, சில நாட்கள் ஓட்டத்தையே மறந்து மலையேறிவிட்டுத் திரும்பினார். திரும்பியபின் 59 விநாடி கைகூடிற்று. பிறருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் மலையேற்றம் அன்று அவருக்குப் பயிற்சியின் ஓர் அங்கமாயிற்று. லட்சியத்தின் பொருட்டுத் திட்டத்தையே தளர்த்தத் துணியும் இந்த நிதானம், விடாமுயற்சியைவிட அரிய குணம் என்றே சொல்லவேண்டும்.

1954 மே 6 அன்று, ஆக்ஸ்போர்டின் இஃப்லி சாலை மைதானத்தில், காற்று தணியும்வரை, முயல்வதா வேண்டாமா என்ற முடிவைத் தள்ளிவைத்து, முதலில் பிராஷரும் பின்னர் கிறிஸ் சாட்டவேயும் முன்னோடி வேகம் கொடுக்க, 3 நிமிஷம் 59.4 விநாடியில் அவர் மைலைக் கடந்தார். ஏழு வாரங்களுக்குள் ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதனையும் முறியடித்தார். அவ்வாண்டிலேயே பந்தயங்களைத் துறந்து நரம்பியல் வைத்தியரான பானிஸ்டர், 1975-இல் கார் விபத்தொன்றில் கணுக்கால் முறியும்வரை, எந்த இலக்குமின்றி, சுகத்துக்காகவே ஓடிவந்தார்.