நிறம் சான்றாகுமா? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஏரிகளும் இரு அல்லி இனங்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையின் இருபுறமும் கார், மின்னணு ஆலைகள் எழுந்துவிட்டன. நடுவே பிள்ளைப்பாக்கம் ஏரியும் ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் இருக்கின்றன. இத்தகைய ஏரிகளின் தாவரங்களைப் பட்டியலிடுவோர் 'அல்லி' என்ற பொதுப்பெயரோடு நின்றுவிடுவதும், பூவின் நிறத்தைக் கொண்டு இனம் பிரிப்பதும் ஏற்கத்தக்கவை அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழகச் சமவெளி நீர்நிலைகளில் பரவலாக வளரும் அல்லிகள் இரண்டு: பர்மன் 1768இல் பெயரிட்ட நிம்ஃபேயா நௌச்சாலி, வில்டெனோ 1799இல் விவரித்த நிம்ஃபேயா பியூபசென்ஸ். பழைய நூல்களில் வரும் ஸ்டெல்லாட்டா முன்னதில் அடங்கும். நௌச்சாலி நீலமாக மட்டும் பூப்பதில்லை. வெள்ளையும் வெளிர்சிவப்பும் அதற்கு உண்டு. பியூபசென்ஸும் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். ஆக, கரையிலிருந்து பார்க்கும் வெள்ளைப் பூவைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது. அழுத்தி உலர்த்திய மாதிரியிலோ அந்த நிறமும் மங்கிவிடுகிறது.

இலையோ தெளிவாகப் பேசுகிறது. மிதக்கும் முதிர்ந்த இலை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பியூபசென்ஸ் என்றால் நரம்புகள் புடைத்துத் தெரியும். விரலால் தடவினால் மென்மயிர் தட்டுப்படும். விளிம்பு கூரிய பற்களாக வெட்டுண்டிருக்கும். நௌச்சாலியின் அடிப்பக்கம் வழவழப்பானது, பெரும்பாலும் ஊதா படர்ந்தது. விளிம்பில் பற்கள் இரா, இருந்தாலும் மழுங்கிய நெளிவாகவே இருக்கும். இளஞ்செடியின் அமிழ்ந்த இலையை இதற்குக் கொள்ளக் கூடாது. பூ கையில் கிடைத்தால் மகரந்தத் தாளின் நுனியைக் கைலென்ஸில் பார்க்கலாம்: நௌச்சாலியில் மகரந்தப்பையைத் தாண்டி ஒரு சிறு நாக்கு நீண்டிருக்கும், பியூபசென்ஸில் அது இல்லை.

நேரமும் கணக்கில் வரவேண்டும். நௌச்சாலி பகலில் விரிவது. பியூபசென்ஸ் மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பிவிடும். நண்பகலில் மட்டும் ஏரிக்குச் செல்லும் கணக்கெடுப்பில் இரண்டாவது இனம் மொட்டாகவே நிற்கும். பதிவில் விடுபட்டும் போகலாம்.

இச்சிக்கல் அல்லிக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியக் குள்ளத் தாடி ஐரிஸ்களில் ஐரிஸ் பூமிலா, ஐரிஸ் லூட்டெசென்ஸ் இரண்டுமே மஞ்சளிலும் ஊதாவிலும் பூக்கின்றன. அங்கும் பிரித்துக் காட்டுபவை தண்டின் நீளமும் பூக்குழலின் நீளமும்தான். பூமிலாவில் தண்டு ஏறக்குறைய இல்லை, குழல் நீண்டது. லூட்டெசென்ஸில் தண்டு தெளிவாக உண்டு, குழல் குட்டை. குரோமோசோம் எண்ணும் (முறையே 32, 40) இப்பிரிவை உறுதிசெய்கிறது.

நிறத்தை நம்பியதன் விளைவை இலங்கையில் காணலாம். 1986இல் அங்கே தேசிய மலரானது நௌச்சாலி. ஆனால் குளங்களில் பெருகிய ஊதாநிற அயல் அல்லியையே பலரும் அதுவென்று கொண்டனர். அது கலப்பினம் என்று தாவரவியலாளர்கள் பின்னர் காட்டினர். ஒரகடம் பகுதிக்கும் இது பொருந்தும். வளாகக் குளங்களுக்காக நர்சரிகளில் வாங்கும் நீல, ஊதா அல்லிகளில் பல கலப்பினங்களே. மேற்கு ஆப்பிரிக்க அல்லியான நிம்ஃபேயா மைக்ராந்தாவின் வழிவந்த சிலவற்றில் இலையும் காம்பும் சேருமிடத்தில் குட்டிச்செடி முளைக்கும். நௌச்சாலியில் அப்படி முளைப்பதில்லை. எனவே ஏரியில் நீலப் பூவைக் கண்டவர் அந்த இணைப்பிடத்தையும் பார்த்துக் குறித்த பிறகே அதை நாட்டினமாகப் பதிவுசெய்ய வேண்டும்.